68 என்ற இலக்கமும் ஒரு வயிற்று மாத்திரையும்

கேள்வி:

டொக்டர், எனக்கு 32 வயது. மல்லாவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கணவர் வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்கிறார். கலியாணமாகி மூன்றரை வருடம், இன்னும் பிள்ளை இல்லை. முன்பு மாதம் தவறாமல் வந்த சுகவீனம் இரண்டு வருடமாக 50, 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒருதரம் 90 நாளும் போனது. விடியப்புறம் நாலரை மணி பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தேன். எப்.எஸ்.எச். 4.8, எல்.எச். 2.6, ரி.எஸ்.எச். 2.1, ஏ.எம்.எச். 3.1, புரோலக்டின் 68. புரோலக்டின் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் 25 வரைதான் இயல்பு என்று போட்டிருக்கிறது. ஸ்கானில் கருப்பையும் சூலகங்களும் சரி என்றார்கள். வி.ஓ.ஜி. (பெண் நோயியல் நிபுணர்) கிளினிக்குக்கு அடுத்த மாதம்தான் திகதி கிடைத்தது. பொறுக்க முடியாமல் போனில் தேடினேன். மூளையில் கட்டி என்று வந்தது. இரண்டு இரவாக நித்திரை இல்லை. இன்னொன்றை எழுத வெட்கமாக இருக்கிறது. குளிக்கும்போது மார்பில் பால் மாதிரி ஏதோ கசிகிறது. அவரிடமும் சொல்லவில்லை. மாமி உடம்புச் சூடு என்கிறார். கூடப் படிப்பிக்கும் அக்கா, ஓமோன் குறைவு, ஓமோன் மாத்திரை போட்டால் சரிவரும் என்கிறார். காஸ்ரிக்குக்கு ஒமெப்ரசோலும் டொம்பெரிடோனும் போடுகிறேன், மற்றும்படி எந்த மருந்தும் எடுப்பதில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறேன். எனக்குக் கட்டியா? ஓமோன் மாத்திரை கேட்டு வாங்கலாமா?

- ஆசிரியை, மல்லாவி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் என் கண்ணும் உங்களுடையதைப்போல 68இல்தான் நின்றது. இரண்டாம் தரம், 'மற்றும்படி எந்த மருந்தும் எடுப்பதில்லை' என்று முடிகிற அந்த வசனத்தில் நின்றது. டொம்பெரிடோன் எப்போது தொடங்கினீர்கள் என்று எழுதவில்லை. சுகவீனம் தள்ளிப்போகத் தொடங்கிய அதே காலத்தில்தான் என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற, சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் போடுகிற அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, புரோலக்டின் என்ற, பால் சுரக்கவைக்கிற ஓமோனைக் கூட்டுவதில் பேர்போனது.

அதற்குள் போகுமுன் ஒரு சின்ன வேலை. கடைசியாக எப்போது சுகவீனம் வந்தது என்றும் நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலையே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பத்திலும் புரோலக்டின் ஏறும், மார்பும் கசியும். நாள் தள்ளித்தள்ளி வருகிறவர்கள் 'எனக்கு எங்கே' என்று நினைத்து இதைச் செய்யாமல் விடுவார்கள். மூன்றாம் மாதத்தில் ஸ்கான் கட்டிலில் படுத்தபிறகுதான் தெரியவரும். உங்கள் விஷயத்தில் அப்படி இருந்தால் இந்தப் பதிலின் மிச்சத்தை நீங்கள் வாசிக்கவே தேவையில்லை.

சரி, இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் றிப்போட்டில் இருக்கும் ஐந்து பெயரும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த ஓமோன்கள். பெப்டைட் ஓமோன்கள் என்போம், பெரிய சங்கிலியாக இருந்தால் புரத ஓமோன்கள் என்றும் சொல்வோம். ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்தரோனும் வேறு சாதி. அவை கொழுப்பிலிருந்து வருபவை. பெண்ணுடம்பு என்றதும் எல்லோரும் அந்த இரண்டின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவற்றை எப்போது, எவ்வளவு சுரக்கவேண்டும் என்று சூலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பவை இந்தச் சங்கிலிகள்தான்.

மேலேயிருந்து வருவோம். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்று ஒரு சிறிய இடம். அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோன் இறங்கும். பத்தே பத்து அமினோ அமிலம், அவ்வளவுதான் அதன் நீளம். அது மூளையின் கீழே தொங்குகிற கபச்சுரப்பிக்குப் போய்ச் சொல்ல, கபச்சுரப்பி எப்.எஸ்.எச்.சையும் எல்.எச்.சையும் இரத்தத்தில் விடும். எப்.எஸ்.எச். சூலகத்தில் முட்டைப் பைகளை வளர்க்கும். வளர்கிற பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும், இன்ஹிபின் என்ற இன்னொரு புரத ஓமோனையும் சுரக்கும். இன்ஹிபின் திரும்ப மேலே போய், 'எப்.எஸ்.எச். இனிப் போதும்' என்று சொல்லும். அதனால்தான் ஒரு மாதத்தில் பெரும்பாலும் ஒரு முட்டைதான் முழுதாக வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறி, இரண்டு நாள் அளவில் அப்படியே நின்றால், எல்.எச். ஒரேயடியாகப் பொங்கும். பொங்கத் தொடங்கி ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் முட்டை வெளியேறும்.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம், அந்தப் பத்து அமினோ அமிலச் சங்கிலி வருகிற விதம். அது ஆறுபோல ஓடி வருவதில்லை. விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாக வருகிறது. சுழற்சியின் முதல் பாதியில் ஒன்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு துடிப்பு, முட்டை வெளியேறியபின் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று. 1978இல் ஏர்னஸ்ட் நோபில் என்பவரின் குழு குரங்குகளில் ஒரு சோதனை செய்தது. சொந்த ஜி.என்.ஆர்.எச். இல்லாமற்போன குரங்குகளுக்கு மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாக அதை ஏற்றினார்கள். எல்.எச்.சும் எப்.எஸ்.எச்.சும் பழையபடி சுரந்தன. பிறகு அதே மருந்தை இடைவிடாமல் ஏற்றினார்கள். இரண்டும் விழுந்துவிட்டன. மருந்து குறையவில்லை. இடைவெளிதான் இல்லாமற்போனது.

இது உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாக விளங்கும். சிறுபோகத்தில் வவுனிக்குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தானே வாய்க்காலில் விடுவார்கள்? முறைத் தண்ணீர் வந்து, நின்று, மண் இழுத்து, பிறகு அடுத்த முறை. துருசை இரவு பகலாகத் திறந்தே விட்டால் பயிர் செழிக்கும் என்று எந்த வயல்காரனும் சொல்லமாட்டான். சூலகமும் அப்படித்தான். துடிப்பின் இடைவெளி கலைந்தால், ஓமோனின் அளவு இயல்பு என்று தாளில் இருந்தாலும் முட்டை வளராது.

உங்கள் உடம்பில் கலைந்திருப்பது இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன். கலைத்தது புரோலக்டின்.

புரோலக்டினும் கபச்சுரப்பியிலிருந்துதான் வருகிறது, 199 அமினோ அமிலச் சங்கிலி. கபச்சுரப்பியின் மற்ற ஓமோன்கள் மேலிருந்து 'சுர' என்று ஆணை வந்தால் சுரக்கும். இது தலைகீழ். 'சுரக்காதே, சுரக்காதே' என்று ஹைப்போதலமஸ் எந்நேரமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். அந்தக் கடிவாளத்தின் பெயர் டோபமின். கடிவாளம் தளர்ந்தால் புரோலக்டின் தானாக ஏறும்.

டொம்பெரிடோனின் வேலையே டோபமின் போய் ஒட்டுகிற இடத்தை மறித்துக்கொண்டு நிற்பதுதான். டோபமின் இரைப்பையைச் சோம்பலாக்கும், அதை மறித்தால் சாப்பாடு கீழே நகரும், ஓங்காளம் நிற்கும். அதுவரைக்கும் சரி. இந்த மருந்து மூளைக்குள் அதிகம் நுழையாது, ஆகவே பயமில்லை என்றும் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் மூளையைச் சுற்றி இரத்தத்துக்குப் போட்டிருக்கிற வேலிக்கு வெளியேதான் கபச்சுரப்பி இருக்கிறது. மருந்துக்கு அங்கே வழி திறந்தே கிடக்கிறது. அங்கேயும் டோபமினை மறிக்கும். கடிவாளம் அறும். புரோலக்டின் 60, 80 என்று ஏறும், சிலருக்கு அதற்கு மேலும். மார்பில் பால் கசியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தங்கச்சி. அது புரோலக்டின் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். எனக்கு அது நல்லதொரு துப்பு, கிளினிக்கில் உங்களைப் பார்க்கப்போகிறவருக்கும் அப்படித்தான். அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணவரிடமும் சொல்லலாம். ஆனால் இன்னும் இருக்கிறதா என்று தினமும் அமுக்கிப் பார்க்கவேண்டாம். அமுக்குவதே புரோலக்டினைக் கூட்டும்.

புரோலக்டின் ஏன் மாதச் சுகவீனத்தில் கைவைக்கிறது? கைக்குழந்தை பால் குடிக்கும் காலத்தில் அடுத்த பிள்ளை உடனே வந்துவிடாதபடி உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு அது. பிள்ளை பிறந்து முதல் ஆறு மாதம், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், சுகவீனமும் திரும்ப வரவில்லை என்றால், அந்தக் காலத்தில் கருத்தரிப்பவர்கள் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை. புரோலக்டின் மேலே போய், ஜி.என்.ஆர்.எச். துடிப்பை எழுப்புகிற கிஸ்பெப்டின் என்ற இன்னொரு பெப்டைட்டை அமர்த்திவிடுகிறது. (இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1996இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் ஹேர்ஷி என்ற ஊரில் வேலை செய்தார்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற சொக்லேட் 'கிஸ்'. பெயர் அங்கிருந்துதான் வந்தது. பருவமடைவதற்கே அது அவசியம் என்று 2003இல்தான் தெரியவந்தது.) துடிப்பு அமர்ந்தால் எல்.எச். பொங்காது, முட்டை வெளியேறாது, சுகவீனம் தள்ளும். உங்கள் உடம்பு, இல்லாத ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறது. உங்கள் எல்.எச். 2.6 என்று அடங்கிக் கிடப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இங்கே என் கதையும் ஒன்று சொல்லவேண்டும். பயிற்சி முடித்த புதிதில், இதே மாதிரி பால் கசிகிற ஒரு பெண்ணைத் தலை ஸ்கானுக்காகத் தூர இடத்துக்கு அனுப்பினேன். வீட்டு நகையை அடகு வைத்துப் போனார்கள். ஸ்கானில் ஒன்றுமில்லை. திரும்பி வந்த பிறகுதான், 'வேறு ஏதும் குளிசை போடுகிறீர்களா' என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். வாந்திக் குளிசை, எட்டு மாதமாக. அன்றைக்குப் பிறகு புரோலக்டின் றிப்போட்டோடு வருகிற யாரிடமும் முதலில் கைப்பையைத் திறக்கத்தான் சொல்கிறேன்.

ஆகவே கட்டியா என்ற கேள்விக்கு வருகிறேன். கபச்சுரப்பியில் புரோலக்டின் சுரக்கிற கட்டி வருவது உண்டு. மறைக்கமாட்டேன். அவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பெரிதாக இருந்தால் புரோலக்டின் 200, 300 என்று நூறுகளில் நிற்கும். சிறியவை உங்களைப்போன்ற இலக்கத்திலும் இருக்கலாம், அதனால்தான் '68 என்றால் கட்டி இல்லை' என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் முதலில் மருந்தை நிறுத்தி, திரும்ப அளந்து, அப்போதும் இறங்காவிட்டால்தான் எம்.ஆர்.ஐ. என்ற தலை ஸ்கான் பற்றிய பேச்சு. அப்படியே ஒன்று இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. டோபமின்போல வேலை செய்கிற கபர்கோலின் என்ற மாத்திரைக்கே சுருங்கும். நீங்கள் பொறுத்திருக்கக்கூடாத நிலை ஒன்று மட்டும் உண்டு. விடாத தலையிடியோ, பக்கப் பார்வை குறைவதோ இருந்தால் கிளினிக் திகதியைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கப் பார்வை என்றால், கதவு நிலையில் தோள் இடிபடுவது, வீதியில் ஓரமாக வருகிற மோட்டார் சைக்கிள் கிட்ட வந்தபிறகுதான் தெரிவது, அப்படி.

இனிச் செய்யவேண்டியது. அருகில் உள்ள வைத்தியரிடம் சொல்லி டொம்பெரிடோனை நிறுத்துங்கள். அது வருடக்கணக்கில் போடுகிற மருந்தே அல்ல. ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே, ஓங்காளம் வாந்திக்கு மட்டும், நாளுக்கு மூன்றுக்கு மேற்படாமல், பொதுவாக ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குக் காரணம் புரோலக்டின்கூட இல்லை, இதயத் துடிப்பில் வரக்கூடிய கோளாறு. நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோலே அநேகமாகப் போதும். காலமை வெறும் பிளேன்ரீயோடு முதலாம் பாடத்துக்கு ஓடுவதையும் விட்டுப் பாருங்கள், எத்தனை ஆசிரியைகளின் காஸ்ரிக் அந்த ஒரு கோப்பையிலிருந்து தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை, இது மிக முக்கியம். மனநலக் கிளினிக்கில் தருகிற றிஸ்பெரிடோன், அமிசல்பிரைட் போன்ற மருந்துகளும் இதே வழியில் புரோலக்டினைக் கூட்டும். நம் வன்னியில் அவற்றை எடுப்பவர்கள் குறைவில்லை, ஏன் எடுக்கிறார்கள் என்று நான் விளக்கவும் தேவையில்லை. அவற்றை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

டொம்பெரிடோனை நிறுத்திக் குறைந்தது மூன்று நாள் கழித்து, வசதிப்பட்டால் ஒரு கிழமை கழித்து, புரோலக்டினை மட்டும் திரும்பப் பாருங்கள். இந்த முறை நாலரை மணி பஸ் வேண்டாம். புரோலக்டின் நித்திரையில் ஏறும், எழும்பிய கையோடு எடுத்தால் கூடக் காட்டும். பதற்றத்திலும் ஏறும், ஊசியைக் கண்டு பயந்தாலும் ஏறும், முதல்நாள் இரவு தாம்பத்தியம், காலையில் ஓட்டம் எல்லாம் அதைக் கொஞ்சம் தூக்கும். எழும்பி இரண்டு மூன்று மணித்தியாலம் போகட்டும். கிளிநொச்சியில் கொடுக்க முடிந்தால் அங்கேயே கொடுங்கள். அரை மணி நேரம் கதிரையில் அமைதியாக இருந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனதால் மட்டும் 68 வந்திருக்காது. ஆனால் அதில் ஒரு பங்கு அதற்கும் இருக்கலாம்.

மிச்ச இலக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைரொயிட் குறைந்தாலும் புரோலக்டின் ஏறும், உங்கள் ரி.எஸ்.எச். 2.1 நன்றாக இருக்கிறது, அந்தச் சந்தேகம் போய்விட்டது. ஏ.எம்.எச். சூலகத்திலுள்ள சின்னச் சின்ன முட்டைப் பைகளிலிருந்து வருவது, உங்கள் வயதுக்கு 3.1 நல்ல இலக்கம். அதற்காகத் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். எத்தனை முட்டை மிச்சம் என்று அது ஓரளவு சொல்லும், இயற்கையாகப் பிள்ளை தங்குமா தங்காதா என்று சொல்லாது. ஏ.எம்.எச். குறைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிற இளம் பெண்களுக்கும் இதையே சொல்கிறேன்.

போனில் தேடியபோது பி.சி.ஓ.எஸ். என்கிற சூலக நீர்க்கட்டிக் கோளாறும் வந்திருக்கும். உங்களுக்கு அதற்கான அடையாளம் கடிதத்தில் இல்லை. ஸ்கான் சரி, முகத்தில் உரோமம், கழுத்தில் கறுப்புப் படிவது என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது. இன்சுலின் என்ற இன்னொரு பெப்டைட் ஓமோன் இரத்தத்தில் கூடிப்போனதன் அடையாளம் அது. கூடின இன்சுலின் சூலகத்தை ஆண் ஓமோன்களைச் சுரக்கத் தூண்டும், அதனால் முட்டை பாதியில் நிற்கும். எப்படியானாலும் புரோலக்டினையும் தைரொயிட்டையும் சரிபார்த்து விலக்காமல் ஒருவருக்கு பி.சி.ஓ.எஸ். என்று பெயர் வைக்கக்கூடாது.

இனி உங்கள் அக்கா சொன்ன ஓமோன் மாத்திரை. வாங்கவேண்டாம். உங்களுக்கு ஓமோன் குறைவில்லை, ஒன்று கூடியிருக்கிறது. அதோடு, எப்.எஸ்.எச்., எல்.எச். போன்றவற்றை மாத்திரையாகத் தரவே முடியாது. அமினோ அமிலச் சங்கிலி என்றேனே, அதை விழுங்கினால் வயிறு மீன்குழம்பைச் சமிக்கச் செய்கிறமாதிரி அதையும் துண்டு துண்டாக்கிவிடும். இன்சுலின் ஊசியாகப் போவதும், பிள்ளைப்பேற்று அறையில் ஒக்ஸிரோசின் ஊசியாகப் போவதும் இதனால்தான். கடையில் ஓமோன் மாத்திரை என்று தருவது அந்த வேறு சாதி, புரொஜெஸ்தரோன் வகை. அதைப் போட்டு நிறுத்தினால் இரத்தம் வரும். நாள்காட்டி சந்தோஷப்படும், உங்கள் மாமியும் சந்தோஷப்படுவார். ஆனால் முட்டை வெளியேறியிருக்காது. புரோலக்டின் இறங்கிய பிறகும் முட்டை வளரவில்லை என்றால், கிளினிக்கில் லெட்ரசோல் தரக்கூடும். அதுகூட எப்.எஸ்.எச். அல்ல. ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைக் கொஞ்ச நாள் குறைத்து, கபச்சுரப்பி தானாகவே எப்.எஸ்.எச்.சைக் கூடச் சுரக்கும்படி செய்கிற மாத்திரை. ஊசிவரை போகவேண்டி வந்தால், அந்த ஊசிகளில் பல குளிரில் வைக்கவேண்டியவை. யாழ்ப்பாணத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஏ9 வெயிலில் வந்தால் மருந்து வழியிலேயே கெட்டுப்போகலாம். ஐஸ் பெட்டியோடு போங்கள், ஐஸில் நேரே தொடாமல் வையுங்கள், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைக்கிற தட்டில் வைக்காதீர்கள். ஆனால் நீங்கள் அந்த இடத்துக்கு வரமாட்டீர்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது.

மாமியின் 'உடம்புச் சூடு' பற்றி. உங்கள் விஷயத்தில் அது காரணமில்லை. இளநீரும் வெந்தயமும் குடியுங்கள், நல்லதுதான், புரோலக்டின் இறங்காது. ஆனால் மாமியைச் சிரித்து ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. உடம்பு படுகிற பாட்டுக்கும் மாதச் சுகவீனத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை இந்த மண்ணின் பெண்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்று, பிறகு செட்டிகுளம் முகாம்களில் இருந்த பெண்கள் பலர், அந்த மாதங்களில் தங்களுக்குச் சுகவீனமே வரவில்லை என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். உடம்பிலுள்ள கொழுப்பிலிருந்து லெப்டின் என்று ஒரு புரத ஓமோன் வருகிறது. 'வீட்டில் அரிசி இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்கிற ஓமோன் அது. பசியில் லெப்டின் விழுந்தால், பயத்தில் கோட்டிசோல் என்ற பதற்ற ஓமோன் ஏறினால், மூளை முதலில் நிறுத்துவது பிள்ளைப்பேற்றைத்தான். உயிர் தப்பினால் போதும் என்று ஜி.என்.ஆர்.எச். துடிப்பை அடக்கிவிடும். சோறு கண்டு, நித்திரை கண்டபின், பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே திரும்பி வந்தது. மாமியிடம் அந்தக் காலத்தைப் பற்றி ஒருநாள் கேட்டுப் பாருங்கள். சூடு என்ற சொல்லால் அவர் எதைச் சொல்ல வருகிறார் என்று அப்போது விளங்கக்கூடும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லவே இல்லை. ஐந்து ஓமோன், ஒரு ஸ்கான், இரண்டு ஊர் ஆலோசனை, ஒரு நேர்த்தி, எல்லாம் உங்கள் பேரில். அவருடைய விந்துப் பரிசோதனை எங்கே? மூன்றரை வருடத்தில் யாரும் கேட்கவில்லையா? பிள்ளை தாமதமாகிற தம்பதியரில் பாதிக்குக் கிட்ட ஆண் பக்கத்திலும் ஏதோ ஒன்று இருக்கும். ஊசி இல்லை, வலி இல்லை, இரண்டு நாள் முதல் ஏழு நாள்வரை உறவு தவிர்த்துவிட்டு ஒரு போத்தலில் கொடுக்கிற வேலை. ஆம்பிளைகள் இதற்கு ஏன் இப்படி ஒளிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வயலுக்கு மருந்தடிக்க வெறுங்காலோடு இறங்குகிறவர் இதற்குப் பயப்படலாமா என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கிளினிக் திகதிக்கு முன் அவருடைய முடிவும் கையில் இருந்தால் ஒரு பயணம் மிச்சம்.

மருந்தை நிறுத்தினால் புரோலக்டின் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். சுழற்சி சீராக ஒன்றிரண்டு மாதம் பிடிக்கலாம். இங்கேதான் ஒரு கவனம் வேண்டும். முதல் முட்டை, முதல் சுகவீனத்துக்கு முன்னேயே வெளியேறிவிடலாம். ஆகவே 'ஒருதரம் வரட்டும், பிறகு பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லிப் போலிக் அமிலம் இன்றைக்கே தொடங்குங்கள். றுபெல்லாத் தடுப்பூசி போட்டதா என்று உங்கள் பழைய தடுப்பூசி அட்டையையும் அவரிடம் காட்டுங்கள். அந்த அட்டையெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது என்றால் அதையும் சொல்லுங்கள், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்.

நேர்த்தியை நிறைவேற்றுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போவதை எந்த ஓமோனும் தடுக்காது.

டொம்பெரிடோன் அட்டையை எறிந்துவிடாதீர்கள். மிச்சமிருக்கிற குளிசையோடு, எந்த மாதம் தொடங்கினீர்கள் என்று அதன் பின்பக்கத்தில் பேனையால் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டாம் புரோலக்டின் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அவருடைய முடிவையும் சேர்த்து.